கருத்தடை மாத்திரை, ஹார்மோன் சிகிச்சை மாத்திரை: ரெண்டிலும் ஈஸ்ட்ரோஜன்தான் என்றால் ஏன் மாற்றினார்கள்?

நிலாமுற்றம்

வணக்கம். இவ்வளவு நாள் படிக்க மட்டும் வந்துகொண்டிருந்தேன். இப்போது எனக்கே ஒரு கேள்வி.

வயது 36. மாதவிடாய் தாறுமாறாகிப் பிறகு அடியோடு நின்றுவிட்டது. சூலகத்தை வேலைவாங்க மூளை அனுப்பும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோனை இரண்டு தடவை பார்த்தார்கள், இரண்டிலும் எகிறிக் கிடந்தது. சூலகம் சீக்கிரமே ஓய்ந்துவிட்டது, 50 வயதுவாக்கில் இயல்பாக மெனோபாஸ் வருகிற காலம்வரை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் எலும்பும் இதயமும் அடிவாங்கும் என்றார்கள். அதுவரை புரிந்தது.

முதலில் பார்த்த மருத்துவர் எழுதியது சாதாரணக் கருத்தடை மாத்திரை. எத்தினைல் எஸ்ட்ராடியோல் 30 மைக்ரோகிராம், கூடவே லெவோநார்ஜெஸ்ட்ரல். இன்னொருவரிடம் கருத்துக் கேட்கப் போனேன். அவர் அதை நிறுத்திவிட்டு எஸ்ட்ராடியோல் வேலரேட் 2 மி.கி., மாதத்தில் சில நாட்களுக்கு மட்டும் புரோஜெஸ்டிரோன் என்று எழுதினார். ஏன் மாற்றுகிறீர்கள் என்றால் "அதுவும் ஈஸ்ட்ரோஜன், இதுவும் ஈஸ்ட்ரோஜன், இது உங்களுக்கு ஒத்துவரும்" என்பதோடு பேச்சு முடிந்தது. வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

வீட்டில் இரண்டு அட்டையையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். ஒன்று 30 மைக்ரோகிராம், இன்னொன்று 2000 மைக்ரோகிராம். அறுபது மடங்குக்கு மேல்! "இத்தனை ஹார்மோனை உள்ளே தள்ளினா கேன்சர்ல கொண்டுபோய் விடும்" என்று மாமியார் பிடித்த பிடியில் நிற்கிறார். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுச்சீட்டும் அவர் கட்சிதான் பேசுகிறது: ரத்தக்கட்டி, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய்.

இரண்டும் ஒன்றுதானா? அறுபது மடங்கு என்றால் அறுபது மடங்கு ஆபத்தா?

வேதிவாத்தியார்

மில்லிகிராமை வைத்து எடைபோடாதீர்கள் அம்மா. இரண்டும் வேறு வேறு மூலக்கூறுகள்.

உங்கள் சூலகம் சுரந்துகொண்டிருந்தது எஸ்ட்ராடியோல். அதை அப்படியே மாத்திரையாக விழுங்கினால் குடல் சுவரும் கல்லீரலும் சேர்ந்து பெரும்பகுதியை எஸ்ட்ரோன் என்ற வலுக்குறைந்த ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். ரத்தத்துக்கு எஸ்ட்ராடியோலாகவே போய்ச் சேர்வது சுமார் 5 சதவீதம். அதனால்தான் மில்லிகிராம் கணக்கில் கொடுக்கிறார்கள். வேலரேட் என்பது அதன் மேல் ஒட்டவைத்த ஒரு கொழுப்பு அமிலத் துண்டு. உள்ளே போனதும் அது கழன்றுவிடும், மிஞ்சுவது எஸ்ட்ராடியோல்தான். 2 மி.கி. வேலரேட்டில் உண்மையான எஸ்ட்ராடியோல் ஒன்றரை மி.கி. அளவுக்குத்தான் இருக்கும்.

எத்தினைல் எஸ்ட்ராடியோல் 1938-ல் பெர்லினில் ஷெரிங் நிறுவனத்தில் இன்ஹோஃபனும் ஹோல்வெக்கும் செய்தது. எஸ்ட்ராடியோலின் 17-ஆம் கார்பனில் ஒரு எத்தினைல் தொகுதியை, அதாவது மூன்று பிணைப்பால் கோத்த இரண்டு கார்பன்களைச் சேர்த்தார்கள். கல்லீரல் நொதி வந்து கைவைக்கும் இடமே அந்த 17-ஆம் கார்பன்தான். அந்த வாசலுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. விழுங்கியதில் 40 சதவீதத்துக்கு மேல் ரத்தத்துக்குப் போகிறது, சீக்கிரம் சிதைவதும் இல்லை. எனவே 30 மைக்ரோகிராமே தாராளம்.

ஆனால் கல்லீரலால் சுலபமாக உடைக்க முடியாத ஒன்று கல்லீரலுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சுற்றிவரும். கல்லீரல்தான் ரத்தம் உறையவைக்கும் புரதங்களைச் செய்கிற இடம். ஈஸ்ட்ரோஜன் பட்டால் அந்த உற்பத்தி கூடும். ரத்த அழுத்தத்தோடு சம்பந்தப்பட்ட ஆஞ்சியோடென்சினோஜனும் கூடும். இந்த விஷயத்தில் உங்கள் 30 மைக்ரோகிராம், அந்த 2000 மைக்ரோகிராமைவிடக் கை ஓங்கியது. பயம் என்று ஒன்று இருந்தால் அது முதல் அட்டையைப் பார்த்து வந்திருக்க வேண்டும், இரண்டாவதைப் பார்த்து அல்ல.

(ஒரு கிளைச் செய்தி. கனடாவில் ஓர் ஆராய்ச்சி ஏரியில் லிட்டருக்கு 5, 6 நானோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடியோலைக் கலந்து பார்த்தார்கள். ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கான புரதம் சுரக்க ஆரம்பித்து, அங்கிருந்த ஒரு சின்ன மீனினம் அந்த ஏரியில் ஏறக்குறைய அற்றே போனது. 2007-ல் வெளிவந்த ஆய்வு. சிதைய மறுக்கும் மூலக்கூறு என்றால் என்ன என்பது எனக்கு உறைத்தது அதைப் படித்தபோதுதான்.)

பச்சிலை

நீங்களே சொல்லிவிட்டீர்கள், செயற்கை மூலக்கூறு மீனையே அழிக்கிறது என்று. பிறகு எதற்கு மாத்திரை? காட்டுக் கிழங்கில் இயற்கையான ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது, அதிலிருந்து செய்த கிரீம்கள் கிடைக்கின்றன. சோயாவிலும் இருக்கிறது. டிஇஎஸ் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்து என்ன நடந்தது என்று உலகமே பார்த்தது. மருத்துவத் துறை அதை மறந்துவிட்டது போலும்.

வேதிவாத்தியார்

டிஇஎஸ் பற்றி நீங்கள் சொல்வது முழுக்க சரி. அதை யாரும் மறக்கக் கூடாது.

டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால். அதுவும் 1938 தான், இங்கிலாந்தில் சார்ல்ஸ் டாட்ஸ் குழு செய்தது. காப்புரிமை எடுக்காமல் விட்டதால் கம்பெனி கம்பெனியாகத் தயாரித்தார்கள். செய்ய எளிது, விலை மலிவு. எஸ்ட்ராடியோலுக்கு இருக்கும் ஸ்டீராய்டு அமைப்பே கிடையாது, ஆனால் செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஒட்டுகிற இடமான ஏற்பியில் போய் உட்காரும். கருச்சிதைவைத் தடுக்கும் என்று 1940-களின் பிற்பகுதியிலிருந்து கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1953-லேயே சிகாகோ பல்கலைக்கழகத்தில் முறையாகச் சோதித்து, எந்தப் பலனும் இல்லை என்று வெளியிட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகும் எழுதிக்கொண்டேதான் இருந்தார்கள், இன்னும் பதினெட்டு வருடம்! 1971-ல் ஹெர்ப்ஸ்ட் என்ற மருத்துவரின் குழு, அந்தத் தாய்மார்களுக்குப் பிறந்த இளம்பெண்களுக்கு வயதுக்குச் சற்றும் பொருந்தாத ஓர் அரிய பிறப்புறுப்புப் புற்றுநோய் வருவதைக் கண்டுபிடித்தது. அந்த வருடக் கடைசியில்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கர்ப்பிணிகளுக்குக் கொடுக்காதே என்றது.

ஆனால் அந்தக் கணக்கை எஸ்ட்ராடியோல் தலையில் எழுதுவது நியாயமில்லை. வேறு பொருள், வேறு அளவு, வயிற்றில் வளரும் சிசு என்கிற வேறு நிலை.

கிழங்கு விஷயம். அதில் இருப்பது டயோஸ்ஜெனின் என்ற தாவரப் பொருள், ஈஸ்ட்ரோஜன் அல்ல. 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் மெக்சிகோவில் அந்தக் கிழங்கிலிருந்து புரோஜெஸ்டிரோன் செய்தார், ஆய்வகத்தில், அமிலங்களோடும் வினைபொருள்களோடும். மனித உடலில் அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி இல்லை. கிழங்கு கிரீம் தோலில் பூசினால் கிழங்கு கிரீம் பூசிய தோல்தான் மிச்சம். அதோடு, நிலாமுற்றத்துக்கு எழுதியிருக்கும் எஸ்ட்ராடியோலும் தாவர ஸ்டீரால்களிலிருந்து ஆலையில் செய்ததுதான். செடியில் ஆரம்பித்து, உலையில் வெந்து, கடைசியில் சூலகம் சுரப்பதற்கு அணுவுக்கு அணு ஒத்துவருகிறது. இதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பீர்கள்?

பச்சிலை

சோயாவுக்குப் பதில் சொல்லவில்லையே.

மருந்துச்சீட்டு

நான் சொல்கிறேன். சோயாவில் இருக்கும் ஐசோஃபிளேவோன்கள் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் மெல்ல ஒட்டுபவை. 52 வயதில் உடம்பு குப்பென்று சூடேறித் தவிக்கிற சிலருக்குக் கொஞ்சம் இதமாக இருக்கலாம். 36 வயதில் சூலகமே நின்றுபோனவரின் எலும்பை அதை நம்பி ஒப்படைக்க முடியாது. இவருக்குக் கொடுப்பது, இந்த வயதில் இருந்திருக்க வேண்டியதைத் திருப்பி வைப்பது. தைராய்டு நின்றால் தைராக்சின் கொடுக்கிற மாதிரி.

நான் மருந்தாளுநர். நிலாமுற்றம், உங்கள் இரண்டு சீட்டில் எது சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டாவது மருத்துவர் எதை யோசித்திருப்பார் என்று சொல்ல முடியும்.

கருத்தடை அட்டையில் 21 மாத்திரை சாப்பிட்டு 7 நாள் இடைவெளி விடுவீர்கள். சூலகம் வேலைசெய்யும் பெண்ணுக்கு அந்த ஏழு நாள் பெரிய விஷயமில்லை. உங்களுக்கு அந்த ஏழு நாளும் ஈஸ்ட்ரோஜன் பூஜ்யம். வருடத்துக்கு 13 அட்டை என்றால் 91 நாள். கிட்டத்தட்ட மூன்று மாதம் எலும்பு வெறுமனே கிடக்கிறது. அந்த வாரத்தில் தூக்கம் போய், வியர்த்துக்கொட்டி, எரிச்சலாக இருந்திருக்குமே? அட்டைகளை இடைவெளியில்லாமல் எடுக்கச் சொல்கிற மருத்துவர்களும் உண்டு. கருத்தடை மாத்திரையையும் எஸ்ட்ராடியோலையும் ஒப்பிட்ட சிறிய ஆய்வுகளில் எலும்பு அடர்த்தி, ரத்த அழுத்தம் இரண்டிலுமே எஸ்ட்ராடியோல்தான் கொஞ்சம் நல்ல பலன் காட்டியிருக்கிறது.

ஆனால் மாத்திரை மாறியதில் நீங்கள் இழந்த ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். சூலகம் சீக்கிரம் ஓய்ந்த பெண்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு, எதிர்பாராமல் முட்டை வெளிவந்து கர்ப்பம் தரிக்கிறது. எஸ்ட்ராடியோல் வேலரேட் சிகிச்சை கருத்தடை செய்யாது. குழந்தை வேண்டாம் என்ற நிலையில் இருந்தால் அதைத் தனியாகக் கேளுங்கள். வேண்டும் என்றால் அதையும் கேளுங்கள்.

புரோஜெஸ்டிரோன் எதற்கு என்றும் பலர் கேட்பதுண்டு. கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியே கொடுத்தால் உள்வரி தடித்துக்கொண்டே போய்ப் புற்றுநோய் வரை போகலாம். 1975-லேயே தெரிந்துவிட்ட சங்கதி. அதனால் அந்தச் "சில நாள்" மாத்திரையைத் தூக்கம் வருகிறது, தலை சுற்றுகிறது என்று நீங்களாக விட்டுவிடாதீர்கள். தூக்கம் வந்தால் ராத்திரி படுக்கும்போது போடுங்கள், அவ்வளவுதான்.

நிலாமுற்றம்

அக்கா, அந்த ஏழு நாள்! ஒவ்வொரு மாதமும் அந்த வாரம் வந்தால் வீட்டில் எல்லோரிடமும் சண்டை போட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு நைட்டி நனைந்து எழுந்து உட்கார்ந்திருப்பேன். மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்தேன், மாத்திரையே இல்லாத வாரம் அது என்று யோசிக்கவே இல்லை.

இன்னொன்று. முதல் மாத்திரை சாப்பிட்டபோது ரத்தத்தில் எஸ்ட்ராடியோல் பார்த்தார்கள். மிகமிகக் குறைவு என்று வந்தது. அப்படியானால் அது உடம்பில் சேரவே இல்லையா?

மருந்துச்சீட்டு

சேர்ந்திருக்கும். அந்தப் பரிசோதனை எஸ்ட்ராடியோலைத் தேடுகிறது, நீங்கள் சாப்பிட்டது எத்தினைல் எஸ்ட்ராடியோல். பரிசோதனையின் கண்ணுக்கு அது தெரியாது. இந்த மாத்திரையில் இருக்கும்போது அந்த அளவைப் பார்ப்பதில் பிரயோஜனமே இல்லை. அறிக்கையில் 'குறைவு' என்று வந்ததைப் பார்த்துப் பயந்து இன்னொரு ஈஸ்ட்ரோஜனையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போது வேலரேட்டுக்கு மாறியபின் பார்த்தால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்கும்.

வேறு மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா? தைராய்டு, வலிப்பு, காசநோய் மருந்து?

நிலாமுற்றம்

தைராய்டுக்கு லெவோதைராக்சின், சில வருடமாக.

மருந்துச்சீட்டு

அப்படியென்றால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் கல்லீரலில் தைராக்சினைக் கட்டிவைக்கும் புரதத்தைக் கூட்டும். ஆரோக்கியமான தைராய்டு கொஞ்சம் கூடுதலாகச் சுரந்து சமாளித்துக்கொள்ளும். மாத்திரையை நம்பி இருப்பவருக்கு அளவு போதாமல் போகலாம். ஈஸ்ட்ரோஜன் தொடங்கி ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் டிஎஸ்ஹெச் (தைராய்டு மாத்திரை அளவு போதுமா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பேட்ச், பூசும் ஜெல் என்றால் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை, கல்லீரலை முதலில் சந்திப்பதில்லை அல்லவா.

வலிப்பு மருந்து பற்றி வேறு யாருக்காவது பயன்படும் என்று சொல்லிவைக்கிறேன். ஃபெனிட்டாயின், கார்பமாசெபைன், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மூன்றும் ஈஸ்ட்ரோஜனை வேகமாகத் தீர்த்துவிடும். லாமோட்ரிஜின் தலைகீழ்: எத்தினைல் எஸ்ட்ராடியோல்தான் அதன் அளவைப் பாதியாகக் குறைக்கிறது, இடைவெளி வாரத்தில் திடீரென்று ஏறுகிறது. வலிப்பு ஏன் மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

கொடிமல்லி

மாமியார் சொன்ன கேன்சர் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் 2002-ல் வந்த ஹார்மோன் மாத்திரைப் பீதியில் மாட்டியவள். மெனோபாஸுக்காக மாத்திரை சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் பெரிய ஆய்வை நிறுத்திவிட்டார்கள், மார்பகப் புற்றுநோய் என்று செய்தி வந்தது. அடுத்த வாரமே என் மருத்துவர் எல்லாவற்றையும் நிறுத்தினார். அதற்கப்புறம் இரண்டு மூன்று வருடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் வயதுப் பெண்கள் அத்தனை பேரும் வியர்த்துக்கொண்டே முதுமைக்குள் போனோம். அந்த ஆய்வு உண்மையா பொய்யா?

கணக்கன்

உண்மைதான் அம்மா. ஆனால் அது யாரை வைத்துச் செய்தது என்பதைச் செய்தி போட்டவர்கள் சொல்லவில்லை.

விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ். 50 முதல் 79 வயதுவரையிலான 16,608 பெண்கள், சராசரி வயது 63. அதாவது மெனோபாஸ் வந்து பத்து வருடம் கழித்து மருந்து தொடங்கியவர்கள் ஏராளம். கொடுத்தது எஸ்ட்ராடியோல் இல்லை, எத்தினைல் எஸ்ட்ராடியோலும் இல்லை. சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் கலவை 0.625 மி.கி., கூடவே மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் என்ற செயற்கை மருந்து 2.5 மி.கி. (பச்சிலை நண்பரே, குதிரையிலிருந்து வருவது இயற்கையானதுதான், கவனிக்க.)

எண்களைப் பாருங்கள். 10,000 பெண்கள் ஒரு வருடம் சாப்பிட்டால் மார்பகப் புற்றுநோய் 30-லிருந்து 38. பக்கவாதம் 21-லிருந்து 29. நுரையீரல் ரத்தக்கட்டி 8-லிருந்து 16. மறுபக்கம் இடுப்பெலும்பு முறிவு 15-லிருந்து 10 ஆனது, பெருங்குடல் புற்றுநோய் 16-லிருந்து 10. பத்தாயிரத்தில் எட்டுப் பேர் கூடுதல் என்பதை "26 சதவீதம் அதிகம்" என்று தலைப்பில் போட்டால் யார் மாத்திரையைத் தொடுவார்கள்?

கருப்பை அகற்றிய 10,739 பெண்களுக்குக் குதிரை ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவு 2004 வரை ஓடியது. அதில் பக்கவாதம் கூடியது, மார்பகப் புற்றுநோய் கூடவில்லை, குறைந்தது. அப்படியானால் முதல் பிரிவில் சேர்த்த அந்த இரண்டாவது மருந்துக்கும் பங்கு இருக்கிறது என்ற சந்தேகம் வலுத்தது.

அதனால் நிலாமுற்றத்தின் மாமியாருக்கு என் பதில்: 63 வயதில் இல்லாத ஒன்றைச் சேர்ப்பதும், 36 வயதில் இருந்திருக்க வேண்டியதை நிரப்புவதும் ஒரே தராசில் வராது. இவர் வயதுப் பெண்கள் எல்லோருக்கும் அந்த ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கொடிமல்லி

இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால்... சரி விடுங்கள். இப்போது எனக்கு 70 தாண்டிவிட்டது. வறட்சியும் அடிக்கடி சிறுநீர்த் தொற்றும்தான் தொல்லை. பிறப்புறுப்பில் வைக்கும் கிரீம் எழுதிக்கொடுத்தார்கள். உள்ளே இருந்த சீட்டில் பக்கவாதம், புற்றுநோய் என்று அதே பட்டியல். பயந்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.

மருந்துச்சீட்டு

அம்மா, குறைந்த அளவு கிரீமோ சிறு மாத்திரையோ அந்த இடத்திலேயே வேலை செய்வது. ரத்தத்தில் ஏறுவது மிகச் சொற்பம், மெனோபாஸுக்குப் பிந்தைய சாதாரண அளவைத் தாண்டுவதே அரிது. சீட்டில் இருக்கும் பட்டியல் விழுங்கும் மாத்திரைக்கு எழுதியதை அப்படியே ஒட்டியது, அது பற்றிப் பல வருடமாக மருத்துவர்கள் புலம்பிக்கொண்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றை அது உண்மையிலேயே குறைக்கும். உங்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்த வரலாறு இருந்தால் மட்டும் மருத்துவரிடம் தனியாகப் பேசுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள், அலமாரியில் எத்தனை நாள் கிடந்ததோ.

மின்மினி

நான் திருநங்கை. என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் பேச்சு வேறு விதத்தில் முக்கியம், அதனால் சேர்க்கிறேன்.

எங்கள் வட்டத்தில் மூத்தவர்கள் காலத்திலிருந்து வந்த பழக்கம் ஒன்று: கருத்தடை அட்டையை வாங்கி, ஒரு நாளைக்கு மூன்று நான்கு என்று விழுங்குவது. சீட்டில்லாமல் கைக்குக் கிடைத்தது அதுதான். மருத்துவரிடம் போனால் மரியாதை கிடைக்காது என்ற பயம் வேறு. மூன்று மாத்திரை என்றால் 90 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடியோல், வாத்தியார் சொன்ன அந்தத் தாழ்ப்பாள் போட்ட சரக்கு.

ஆம்ஸ்டர்டாமில் 1997-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 816 திருநங்கையர், பெரும்பாலும் தினம் 100 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடியோலும், ஆண் ஹார்மோனை அடக்கும் சைப்ரோடெரோன் மருந்தும் எடுத்தவர்கள். கால் ரத்தக்குழாய், நுரையீரல் ரத்தக்கட்டி எதிர்பார்த்ததைவிட 20 மடங்கு. அதன் பிறகுதான் மருத்துவமனைகள் எஸ்ட்ராடியோலுக்கு மாறின. இப்போதைய முக்கிய வழிகாட்டுதல்கள் பாலின உறுதிப்பாட்டுச் சிகிச்சையில் எத்தினைல் எஸ்ட்ராடியோல் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. ஆனால் வழிகாட்டுதல் ஏறாத வாசல்கள் இன்னும் இருக்கின்றன.

எனக்கு ஜெல். ரத்தத்தில் எஸ்ட்ராடியோல் மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 பிகோகிராமுக்குள், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே என்பது என் மருத்துவர் குறிவைக்கும் அளவு. அளவை ஏற்றினால் மார்பு சீக்கிரம் வளரும் என்று சின்னவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வளராது கண்ணுங்களா, ரத்தம்தான் உறையும். மார்பு வளர இரண்டு மூன்று வருடம் ஆகும், எந்தப் பெண்ணுக்கும் ஒரே மாதத்தில் வளர்ந்ததில்லை.

சைப்ரோடெரோன் எடுப்பவர்களுக்கு: தினம் 10 மி.கி. அல்லது அதற்கு மேல் நீண்டகாலம் எடுத்தால் மூளை உறையில் மெனிஞ்சியோமா என்ற கட்டி வரும் ஆபத்து காரணமாக ஐரோப்பிய மருந்து அமைப்பு 2020-ல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பழைய சீட்டில் 50, 100 என்று இருந்தால் மறுபடி கேளுங்கள்.

நெறியாளர்

மின்மினியின் பதிவுக்குக் கீழே தனிச்செய்தியில் அளவு கேட்டு வந்த கேள்விகளை நீக்கியிருக்கிறேன். இங்கே யாரும் யாருக்கும் மருந்து அளவு எழுதித்தர வேண்டாம். பேசுவதற்குத் தடையில்லை.

கணக்கன்

மின்மினி சொன்னதோடு சேர்த்து ஆண்கள் பக்கத்தையும் சொல்லலாம். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஈஸ்ட்ரோஜன் கொடுக்கலாம் என்று 1941-ல் காட்டியவர் சார்ல்ஸ் ஹக்கின்ஸ், அதற்கு 1966-ல் நோபல் பரிசு. கொடுத்தது டிஇஎஸ். புற்றுநோய் அடங்கியது, ஆனால் தினம் 5 மி.கி. எடுத்தவர்கள் மாரடைப்பிலும் ரத்தக்கட்டியிலும் போனார்கள். ஈஸ்ட்ரோஜன் ஆண்களுக்கு ஆகாது என்று மூட்டைகட்டி வைத்துவிட்டார்கள். பல பத்தாண்டு கழித்து பிரிட்டனில் அதே வேலைக்கு எஸ்ட்ராடியோல் பேட்ச் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-ல் வந்த முடிவில் இதய, ரத்தநாளத் தொல்லைகள் வழக்கமான ஊசிச் சிகிச்சையைவிடக் கூடவில்லை. வேலை அதே ஈஸ்ட்ரோஜன் வேலைதான், ஆனால் மூலக்கூறு வேறு, கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போன பாதையும் வேறு.

பச்சிலை

அப்படியானால் எல்லோரும் பேட்ச் போட்டுக்கொண்டால் முடிந்தது. கருத்தடைக்கும் பேட்ச் இருக்கிறதே.

வேதிவாத்தியார்

அங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். கருத்தடை பேட்சில் இருப்பது எத்தினைல் எஸ்ட்ராடியோல். அதைத் தோல் வழியாகக் கொடுத்தாலும், பிறப்புறுப்பு வளையமாக வைத்தாலும், ரத்தத்தில் சுற்றிக் கல்லீரலுக்குப் போய் அங்கே உடையாமல் நின்று அதே வேலையைத்தான் செய்யும். 2005-ல் எஃப்டிஏ கருத்தடை பேட்ச் பற்றித் தனியாக எச்சரித்தது: 35 மைக்ரோகிராம் மாத்திரையைவிடச் சுமார் 60 சதவீதம் கூடுதல் ஈஸ்ட்ரோஜன் உடம்பில் படுகிறது என்று.

தோல் வழிப் பாதை காப்பாற்றுவது எஸ்ட்ராடியோலை மட்டும். 2019-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த பெரிய ஆய்விலும், அதற்கு முன் பிரான்சில் நடந்ததிலும், வாய்வழி ஹார்மோன் எடுத்தவர்களுக்கு ரத்தக்கட்டி கூடியது, எஸ்ட்ராடியோல் பேட்ச், ஜெல் எடுத்தவர்களுக்குக் கூடவில்லை. ஆகவே "பேட்ச்" என்று கேட்டால் போதாது, எந்த ஈஸ்ட்ரோஜன் என்று பெட்டியைத் திருப்பிப் படிக்க வேண்டும்.

மருந்துச்சீட்டு

வாத்தியார் சொன்னதைக் கேட்டுக் கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் அட்டையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. சாப்பிடாத பெண்களில் வருடத்துக்கு 10,000-க்கு 1 முதல் 5 பேருக்கு ரத்தக்கட்டி வருகிறது என்றால், சாப்பிடுபவர்களில் 3 முதல் 9. கர்ப்பத்தில் 5 முதல் 20. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் 40 முதல் 65. ஆரோக்கியமான இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அது நல்ல மருந்துதான். 35 தாண்டிப் புகைபிடிப்பவர், கண்ணில் மின்னல் கோடு தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர், முன்பே ரத்தக்கட்டி வந்தவர், இவர்களுக்குத்தான் கதை வேறு.

எந்த ஈஸ்ட்ரோஜன் எடுத்தாலும் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கி நெஞ்சு குத்தினாலோ இங்கே வந்து கேட்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நிலாமுற்றம்

எல்லோருக்கும் நன்றி. மருத்துவரைத் திரும்பப் பார்த்தேன். மாமியாரையும் கூட்டிப்போனேன், அவருக்கே நேரில் கேட்கட்டும் என்று. அவர் கேட்ட முதல் கேள்வி "இது குதிரை மூத்திரமா?" மருத்துவர் சிரித்துவிட்டார்.

எனக்கு அவ்வப்போது தலைவலியும், அது வருமுன் கண்ணில் வளைவு வளைவாக ஒளியும் வருவதுண்டு. இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அதைச் சொன்னதும் எஸ்ட்ராடியோல் வேலரேட் மாத்திரையையும் விட்டுவிட்டு எஸ்ட்ராடியோல் பேட்சுக்கு மாற்றினார், வாரம் இரண்டு தடவை மாற்றுவது. டிஎஸ்ஹெச்சுக்கும் எலும்பு அடர்த்திக்கும் எழுதிக்கொடுத்தார். மாமியார் பாதி சமாதானம். மீதிப் பாதிக்கு வெறும் வயிற்றில் வெந்தயம் சாப்பிடச் சொல்கிறார், சாப்பிடுகிறேன்.

இப்போது நடைமுறைச் சிக்கல். வியர்வையில் ஓரம் கழன்று சுருண்டுவிடுகிறது. அளவைக் கூட்டிக் குறைக்கும்போது பாதியாக வெட்டலாம் என்று ஒருவர் சொன்னார், கூடாது என்று இன்னொருவர். ஒட்டின இடத்தில் கருப்பாகப் பிசின் வேறு நிற்கிறது.

மருந்துச்சீட்டு

கண்ணில் ஒளி வரும் தலைவலி இருந்து இவ்வளவு நாள் எத்தினைல் எஸ்ட்ராடியோல் எடுத்தீர்களா! மாற்றியது நல்லதாயிற்று.

வெட்டுவது பேட்சின் வகையைப் பொறுத்தது. மருந்து பிசினோடேயே கலந்து மெல்லிய தாள்போல இருக்கும் வகையைச் சிலர் மருத்துவர் சொல்லி வெட்டிக்கொள்கிறார்கள். நடுவில் சிறு பைபோல ஜெல் தேங்கியிருக்கும் வகையை வெட்டவே கூடாது, மொத்தமும் ஒழுகிவிடும். உங்களுடையது எது என்று பெட்டியோடு போய்க் கேளுங்கள். குறைந்த அளவு பேட்சே கிடைத்தால் வெட்டும் வேலை எதற்கு.

ஒட்டுவதற்கு: குளித்து உடனே வேண்டாம், தோல் நன்றாக உலர்ந்து ஆறட்டும். அந்த இடத்தில் எண்ணெய், பவுடர், மாய்ஸ்சரைசர் கூடாது. தொப்புளுக்குக் கீழே அடிவயிறு அல்லது பிட்டத்தின் மேல்பகுதி, பாவாடை நாடா உரசாத இடமாகப் பாருங்கள். மார்பில் ஒட்டாதீர்கள். ஒட்டியதும் உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், கைச்சூட்டில்தான் ஓரம் பிடிக்கும். அடுத்தது வேறு பக்கம். கருப்புப் பிசினுக்கு சோப்பு வேண்டாம், தோல்தான் சிவக்கும். பேட்சை எடுத்த பிறகு இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விட்டுத் துணியால் துடையுங்கள், வந்துவிடும். புது பேட்ச் அந்த இடத்தில் வைக்கப் போவதில்லை என்பதால் எண்ணெய் இருந்தால் பரவாயில்லை.

மின்மினி

ஜெல்லுக்கு யாராவது மாறினால்: பூசி உலரும்வரை உடை போடாதீர்கள், கையைக் கழுவுங்கள், பூசிய தோள்பட்டையில் குழந்தையைத் தூக்கிச் சாய்க்காதீர்கள். உங்கள் மருந்து குழந்தைக்குப் போய்விடும். என் அக்கா மகனைத் தூக்கும் முன் நான் முழுக்கைச் சட்டை மாட்டிக்கொள்வது அதற்குத்தான்.

நிலாமுற்றம்

பை வகை இல்லை, மெல்லிய தாள் மாதிரிதான் இருக்கிறது. வெட்டப் போவதில்லை. தேங்காயெண்ணெய் வேலை செய்தது அக்கா.